கை காட்டினால் நிற்கும் வீடு

மே 12, கோபி

இந்த டைரி அப்பாவின் ஓய்வு விழாவில் கொடுத்தது. சால்வை அம்மாவுக்குப் போனது, சுவர்க்கடிகாரம் அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போனது, டைரி எனக்கு வந்தது. சந்தன மாலையை அப்பா வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார்.

வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. பழைய மினி பஸ்ஸை வாங்கி, கரூரில் நாலு மாதம் நிறுத்தி, உள்ளே வீடு கட்டியிருக்கிறார். அடுப்பு உண்டு, தொட்டி உண்டு, மூன்று படுக்கை உண்டு. பீரோ அளவில் ஒரு கழிவறை உண்டு, உள்ளே போனால் திரும்ப முடியாது, பின்னாலேயே வரவேண்டும். ஊரில் மற்றவர்களுக்கு மச்சு வீடு, மாடி வீடு. எங்களுடையது ஓட்டு வீடு. கூரையில் ஓடு கிடையாது, ஓட்டுவது அப்பா.

அப்பா சென்னியப்பன், அரசு பஸ் டிரைவர், முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். அம்மா கலாமணி, அதே முப்பத்து நாலு வருஷம் அந்த டிரைவருக்கு விடிகாலை நாலு மணிக்கு டிபன் கட்டிய சர்வீஸ். அவர்கள் பதினாறு வருஷம் காத்திருந்து கிடைத்த பஸ் நான். மௌனிகா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி, மௌனத்தை வைக்க மறந்துவிட்டார்கள்.

இனி வாழ்நாள் முழுக்க இந்த வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் இருப்பது என்பது அப்பாவின் திட்டம். அம்மா ஒப்புக்கொண்டது இருபத்தொரு நாள் சோதனைக்கு மட்டும். காலையில் படியேறும் முன் கடைசியாக ஒருமுறை சொன்னாள்.

"வண்டிக்குள்ள நாம மூணு பேருதான். நாலாவதா ஒரு ஆளு ஏறுனாலும் அன்னைக்கே கோபிக்குத் திரும்போணும். அப்பறம் வண்டிய வித்துப்போடோணும்."

"யாரு புள்ள வந்து ஏறப்போறாங்க?"

"உங்களையத் தெரியுமுங்க எனக்கு."

தெரியும்தான். கல்யாணமான பத்தாம் நாள் அப்பா அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போயிருக்கிறார், தன்னுடைய டூட்டி பஸ்ஸில். தைப்பூசக் கூட்டம். புதுப்பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போயிருக்கிறாள், மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். அம்மாவுக்கு இன்றுவரை அந்த மனிதரோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஊருக்குப் போகவேண்டும் என்று ஆசை. இந்த வண்டியிலும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிதான். அம்மா பின்னால் உட்கார்ந்து அதே பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

சோதனை பாஸானால் கோபி வீட்டை ஒரு பேங்க் மேனேஜர் குடும்பத்துக்கு விடுவார்கள், என் ரூமையும் சேர்த்து. எனக்கு அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஜூனில் கோவைக்கு ஹாஸ்டல் போகிறேன். லீவு விட்டால் எங்கே வருவாய் என்று ரூம் ஜன்னலா கேட்கப்போகிறது?

மே 13, குளித்தலை

மாயனூர் தாண்டியதும் ஒரு ஸ்டாப். வாழைத்தாரோடு ஒருவர் கையை நீட்டினார். எங்கள் வீடு நின்றது. சும்மா நிற்கவில்லை, படி சரியாக அவர் கால் முன்னால் வரும்படி நின்றது.

"திருச்சி போவுங்களா?"

அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். "இது வீடுங்க."

அவர் வண்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வீடு எதுக்குங்க ஸ்டாப்புல நிக்குது?"

அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்துனீங்க?"

"நானெங்க நிறுத்துனேன். காலு தானாப் போயிருச்சு."

சாயங்காலத்துக்குள் அந்தக் கால் தானாக ஒன்பது தடவை போனது. ஒன்பதிலும் அம்மா வாசலில் காளி மாதிரி நின்றதால் ஒருவரும் ஏறவில்லை. குளித்தலையில் ஒருவன் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தான், அதற்கும் நின்றோம். அப்பாவுக்குப் பணிக்காலம் முடிந்துவிட்டது. பணியும் முடிந்தது, காலமும் முடிந்தது, கால் மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

மே 15, கும்பகோணம்

வெளியிலிருந்து கை நீட்டினால் நிற்கிறார். உள்ளிருந்து குரல் கொடுத்தால் நிற்பதில்லை. இது இன்றைய கண்டுபிடிப்பு.

பாபநாசத்துக்கு முன்னால் சாலையோரம் ஒரு குளம் நிறையத் தாமரை. அம்மா எழுந்தே விட்டாள்.

"ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க. பூவப் பாத்துட்டுப் போலாம்."

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"ஏனுங்க. நிறுத்துங்கன்னேன்."

அப்பா திரும்பாமலேயே, வெகு மரியாதையாகச் சொன்னார். "நடுவுல நிக்காதும்மா. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்க."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். குளம் பின்னால் போய் மறைந்ததும் என்னிடம், "என்னைய எறங்கிக்கம்மாங்கறாரு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு குளித்தலையில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சை எடுத்து ஒவ்வொன்றாக, சத்தம் வரும்படி கடித்தாள்.

அப்பாவின் மேல் தப்பில்லை. முப்பத்து நாலு வருஷம் முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் கத்தினால், முதுகு செவிடாகிவிடும்.

மே 16, கும்பகோணம்

கடைத்தெருவில் ஒரு விசில் வாங்கினேன். கண்டக்டர்கள் வைத்திருப்பார்களே, அதே மாதிரி.

திருவிடைமருதூர் ரோட்டில், அப்பா நல்ல வேகத்தில் போகும்போது ஒரு விசில் கொடுத்தேன். வீடு ஓரங்கட்டி நின்றது. இரண்டு விசில் கொடுத்தேன். புறப்பட்டது. மறுபடி ஒன்று. நின்றது. மறுபடி இரண்டு. புறப்பட்டது. நாலாவது தடவை அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அம்மா சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சுவிட முடியாமல், "இத்தன வருசம் தெரியாமப் போச்சே, இத்தன வருசம் தெரியாமப் போச்சே" என்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடு இங்க."

விசிலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஏற்கெனவே கிடப்பது அப்பா கட்டிய கயிறு. இது அப்பாவைக் கட்டும் கயிறு.

அதன்பிறகு எங்கள் வீடு பானைக் கடையில் நின்றது, கன்றுக்குட்டிக்கு நின்றது, ஒரு கல்யாண மண்டபத்தின் வாழைமரம் அழகாக இருக்கிறது என்று நின்றது. அப்பா ஒவ்வொரு முறையும் "ரைட்டுங்களா" என்று கேட்டார். அம்மா இரண்டு விசில் கொடுத்தாள்.

என் விளையாட்டு எனக்கே வினையாகிவிட்டது. அம்மாவுக்கு இந்த வண்டி பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

மே 17, மயிலாடுதுறை

இன்று பாத்திரம் கழுவும்போது அம்மா பாடினாள். நிலைமை மோசம்.

மே 18, நாகப்பட்டினம்

அப்பாவும் திருந்திவிட்டார். இரண்டு நாளாக யாருக்கும் நிற்கவில்லை. ஸ்டாப்பைக் கண்டாலே "முருகா" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். பாவம், முருகனுக்கு ஒரு நாளைக்கு நாற்பது ஸ்டாப்.

மத்தியானம் மேனேஜர் வீட்டம்மா போன் செய்தார். அம்மா, "நல்லாத்தானுங்க போயிட்டிருக்குது, அனேகமா ஆயிருமுங்க" என்றாள். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள், உன்னிடம் ஏதோ கேட்கவேண்டுமாம் என்று.

"அந்தச் சின்ன ரூமு உன்றதாம்மா? அதுக்கு ரோஸ் கலர் அடிச்சுக்கலாமா? பாப்பாவுக்குப் பிடிக்கும்."

தாராளமாக அடியுங்கள் என்றேன். எனக்கென்ன? நான்கு சுவர். ஒரு சுவரில் நான் ஏழாவதிலிருந்து பென்சிலால் எழுதியது கொஞ்சம் இருக்கிறது. அதற்கு மேல் ரோஸ் அடித்தால் இரண்டு கோட் அடிக்கவேண்டியிருக்கும். அவர்கள் பாடு.

சாயங்காலம் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துத் தட்டையாக்கி வைத்தேன். சும்மா.

மே 19, வேளாங்கண்ணி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அப்பா பின்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே அட்டையை ஒட்டினேன். மார்க்கரில் பெரிதாக: "நாகை – வேளாங்கண்ணி." கீழே கொஞ்சம் சின்னதாக: "கட்டணம் இல்லை."

நாகை எல்லை தாண்டியதும் ஒரு ஸ்டாப்பில் வேண்டுதல் கூட்டம். ஒரு கை என்றால் அப்பா முருகனைக் கூப்பிட்டிருப்பார். இருபத்திரண்டு கை நீண்டது. முருகன் வருவதற்குள் கால் போய்விட்டது.

அம்மா அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். விசிலை எடுப்பதற்குள் பின்கதவை யாரோ இழுத்தார்கள். தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. பதினோரு பேர் ஏறினார்கள்.

"ஏங்க, பஸ்ஸுல அடுப்பு எரியுதே."

"காசு வாங்காத வண்டிடி, சாப்பாடும் போடுவாங்க போல. உக்காரு."

ஒரு அக்கா என் படுக்கையில் ஏறிச் சம்மணம் போட்டாள். பட்டுவேட்டி கட்டிய பெரியவர் கழிவறைக்குள் போனார், திரும்ப முடியாமல் உள்ளிருந்தே, "எந்த ஊரு வந்துருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காணிக்கைத் தென்னங்கன்றோடு வந்த ஒருவர் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் நிறுத்தினார். வாடியிருக்கிறதே என்று குழாயையும் திறந்துவிட்டார். எங்கள் இரண்டு நாள் தண்ணீர் தென்னைக்குப் போனது. ஒரு அம்மாள் கரண்டியை எடுத்து ரசத்தை ஊதிக் குடித்துவிட்டு, "உப்பு ஒரு சிட்டிகை போடலாம்மா" என்றாள்.

அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, இவங்கள எறக்கி உடுங்க."

அப்பா திரும்பவில்லை. "ஏத்துனவங்கள நடுவழியில எறக்கக்கூடாது புள்ள. போய்ச் சேத்திப்போடலாம்."

அதுவரை எனக்குச் சிரிப்புத்தான். பிறகு அம்மாவைப் பார்த்தேன். உட்கார இடமில்லை. ஒரு கையில் இடுக்கியோடு, இன்னொரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேளாங்கண்ணி வரைக்கும் அப்படியே நின்றாள். அப்பாவின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் இறங்கி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா விசிலைக் கழற்றி உப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்பா முன்னால் போய் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். நான் கடல் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"யாரு எழுதுனது?" அம்மாவின் குரல் உள்ளேயிருந்து.

"நாந்தான் புள்ள," என்றார் அப்பா. "பழக்கதோசம். கை சும்மா இருக்கல."

நாலு மாதம் கரூரில் வெல்டிங் புகையைக் குடித்த மனிதர். வண்டிக்குள் ஒவ்வொரு திருகையும் அவரே முடுக்கினார். ஒரே வாக்கியத்தில் அவ்வளவையும் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, அட்டையை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா, "வண்டியத் திருப்புங்க" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். என் ரூம் எனக்கே. ராத்திரி சாப்பிடவில்லை. மத்தியானம் தின்ற மீன்தான் காரணம்.

மே 20, தஞ்சாவூர் வழி

அப்பா நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. வழியில் ஒரு கல்லூரிப் பையன் கை காட்டினான். அப்பா நிற்கவில்லை. முருகனையும் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மீன்தான் காரணம், ஆனால் இன்று மீன் தின்னவில்லை.

மே 21, முசிறி

திருச்சி தாண்டியதும் பின்கதவு, தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கட்டியிருந்த கயிற்றையும் அறுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தது. முசிறியில் ஒரு வெல்டிங் பட்டறை. தாழ்ப்பாள் புதிதாகச் செய்யவேண்டும், சாயங்காலம் ஆகும் என்றார்கள். அப்பா பட்டறைக்காரரோடு நின்றுகொண்டார். அம்மா வேப்பமரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது துணிக்குச் சொன்னேன். "அம்மா, அந்த அட்டை நான் எழுதுனது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"முப்பத்திநாலு வருசத்துல உங்கப்பன் ரூட் போர்டைத் தொட்டதில்ல. அது கண்டக்டரு வேலை. அவரு தொடமாட்டாரு." துண்டை உதறினாள். "டிரைவர் வேலையில கண்டக்டர் கை வெக்கக்கூடாது, கண்டக்டர் வேலையில டிரைவர் கை வெக்கக்கூடாது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு."

"அப்பறம் எதுக்கு வண்டியத் திருப்பச் சொன்னீங்க?"

"போர்டு எழுதுனது நீயி. பிரேக்கு மிதிச்சது யாரு? நின்னுட்டு வந்தது யாரு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வரலாற்றில் இது எழுதி வைக்கவேண்டிய நாள்.

"நீ எதுக்குடி எழுதுன?"

"சும்மா. வெளையாட்டுக்கு."

அம்மா கையை நீட்டினாள். கிளிப் கொடுத்தேன். அவள் வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரோஸ் கலரு அடிக்கறாங்கன்னுதானே?"

"எனக்கு ரோஸே பிடிக்காது" என்றேன். மரத்தில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது, அது பட்டால் கண் எரியும்.

"லீவு உட்டா எங்க வர்றதுன்னு என்றகிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே," என்றாள் அம்மா. "நாங்க எந்த ஊருல நிக்கறமோ அந்த ஊருக்கு வா. உன்ற படுக்கையில அந்த நாகப்பட்டணத்துக்காரியத் தவிர வேற ஒருத்தரும் ஏறமாட்டாங்க."

"கோபிக்குத்தானே போறோம்."

அம்மா நேராகப் பட்டறைக்குப் போய், அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் இங்க நின்னு என்ன பண்றீங்க? வாங்க."

ரோட்டுக்குக் கூட்டிவந்தாள். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. எங்கள் அம்மா, வாழைத்தார்க்காரரைப் படியேற விடாத அதே அம்மா, கையை நன்றாக நீட்டிக் காட்டினாள். பஸ் நின்றது. படி மூன்றடி தள்ளி நின்றதை அப்பா கவனித்தார், சொல்லவில்லை.

"எங்க புள்ள போறம்?"

"அது எங்க போகுதோ அங்க."

கண்டக்டர் வந்தார். அப்பா ஓய்வு பெற்றவர் பாஸை எடுத்தார். அம்மா அதைத் திருப்பி அவர் பையிலேயே திணித்தாள். "இன்னைக்கு நீங்க பாசெஞ்சரு." கண்டக்டரிடம், "எங்கீங்க போவுது இது?" என்று கேட்டாள்.

"துறையூரும்மா. எங்க போறதுன்னு தெரியாமலா கை காட்டுனீங்க?"

"மூணு துறையூரு குடுங்க."

இரண்டு பேர் சீட்டில் அம்மா ஜன்னலோரம், அப்பா பக்கத்தில். நான் பின் சீட்டில். முதல் வேலையாக அப்பா இந்த பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். வளைவு வந்தால் தோள் திரும்பியது. ஸ்டாப் வந்தால் வலது கால் தரையை மிதித்தது. நிஜ டிரைவர் மிதிப்பதற்கு ஒரு வினாடி முன்பாகவே மிதித்தது. மூன்று ஸ்டாப் பார்த்தாள் அம்மா. நாலாவதில் தன் காலைத் தூக்கி அந்தக் கால் மேல் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.

"வலிக்குது புள்ள."

"வலிக்கட்டும்."

அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஜன்னலில் வெங்காயக் காடு போனது, மொட்டை மலை ஒன்று போனது. ஒவ்வொன்றையும் அப்பாவுக்குக் காட்டினாள். அப்பா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். ரோட்டைத் தவிர வேறொன்றை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்தது. அம்மாவின் தோளில் வாயைத் திறந்து தூங்கினார். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, முந்தானையை மடித்து அவர் கன்னத்துக்குக் கீழே கொடுத்தாள்.

துறையூர் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு. எறங்கணும்."

"இந்த வண்டி மறுக்கா முசிறிதானுங்களே போகுது?"

"இன்னும் இருவது நிமிஷம் ஆவும்."

"ஆகட்டுமுங்க. மூணு முசிறி குடுங்க."

கண்டக்டர் தூங்குகிற அப்பாவைப் பார்த்தார். டிக்கெட்டைச் சத்தம் வராமல் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலி பஸ். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோள் மரத்துப் போயிருக்கும். தலையைத் திருப்பாமல், மெதுவான குரலில் என்னிடம் சொன்னாள். "உங்கப்பன் ஒரு நாளு ஓட்டட்டும், ஒரு நாளு இப்பிடி என்ற பக்கத்துல உக்காரட்டும். அந்தந்த ஊரு பஸ்ஸுல. அப்பிடீன்னா எனக்குச் சரி, வண்டிய விக்க வேண்டாம். ஆனா உன்ற ரூமு. அதனால நீதான் சொல்லோணும். அந்தம்மாவுக்கு ஆமான்னு சொன்னாலும் சரி, இல்லைன்னு சொன்னாலும் சரி, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அம்மாவின் போனை எடுத்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் வீட்டம்மாவை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வணக்கங்க, நான் மௌனிகா. கோபி வீட்டு விசயமா. வீடு உங்களுக்குத்தானுங்க. சின்ன ரூமும்தான். ரோஸு ரெண்டு கோட் அடிங்க, ஒரு கோட்டுல பென்சில் தெரியும்."

அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சாவி, பால்காரர், மோட்டார் எல்லாம் விசாரித்தார். கடைசியாக, "நீங்கெல்லாம் எப்பம்மா திரும்பி வருவீங்க?" என்று கேட்டார்.

அம்மா விரலை உதட்டில் வைத்து, மெதுவாகப் பேசு என்று சைகை காட்டினாள்.

"அப்பா தூங்கறாருங்க," என்றேன். "எந்திரிச்சதும் கேட்டுச் சொல்றேன்."